அலியாரின் கையில் போன பைகள்

தை பிறந்து வாடைக்காற்று தணியத் தொடங்கினால் மலேசியாவின் லங்காவியிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வெளிநாட்டுக்காரரின் பாய்ப்படகுகள் ஒவ்வொன்றாகத் திருகோணமலைக்கு வரும். வந்து உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுவிட்டு மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு நிற்கும். சுங்கம், குடிவரவு, சுகாதாரம் என்று அதிகாரிகள் ஏறிப் பார்த்து முடிக்கும்வரை படகில் இருப்பவர்கள் கரையில் கால் வைக்க முடியாது. அந்த அதிகாரிகளைக் கொண்டுபோய் ஏற்றுவதும், பிறகு தண்ணீர், டீசல், மரக்கறி என்று கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் அலியாரின் தொழில். கிண்ணியாக்காரர். ஐம்பத்து நான்கு வயது. சொந்தமாக ஒரு பைபர் போட்டும் பதினைந்து குதிரைவலு எஞ்சினும் இருந்தன. அந்தப் போட்டைத் துறைமுகத்துக்குள் ஓட்டுவதற்கு வருடாவருடம் புதுப்பிக்கிற ஒரு பாஸும் இருந்தது.

வேலை கொடுப்பவர் அனுஷியா. பெரிய கப்பல் கொம்பனி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர், கணவர் இறந்த பிறகு டவுனில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கிப் பாய்ப்படகுகளுக்கு முகவர் வேலை செய்யத் தொடங்கினார். ஒன்பது வருடத்துக்கு முன் அவருக்கு முதல் படகு வந்தபோது வேறு போட்காரர்கள் இந்தப் பெண்பிள்ளை எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கப்போகிறாள் என்று இழுத்தடித்தார்கள். அலியார் மட்டும் வந்தார். அன்றிலிருந்து அனுஷியா அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, “நானா” என்பார், அலியார் அனுஷியாவைத் “தங்கச்சி” என்பார். பெருநாளுக்கு அலியாரின் மனைவி றம்லா தேங்காய்ப்பாலில் வட்டிலப்பம் அவித்தால் அனுஷியாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சட்டி போகும். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து ஒரு பாத்திரம் கிண்ணியாவுக்கு வரும்.

இந்த வருடம் மாசி மாதம் வந்த படகுகளில் ஒன்று வாரன் என்ற அமெரிக்கருடையது. தனி ஆள். அறுபத்தெட்டு வயது, வெயிலில் கறுத்த முகம், எப்போதும் சிரிப்பு. லங்காவியில் சாமான் மலிவு என்று அங்கே இருபத்திரண்டு பெட்டி கியூபா சுருட்டு வாங்கி ஏற்றியிருந்தார். அதை மறைக்கவில்லை. சுங்க அதிகாரி வீரசிங்கம் ஏறியதும் தானாகவே எடுத்துக் காட்டினார்.

வீரசிங்கம் கண்டிப்பானவர், ஆனால் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. ஒரு பெட்டியை மட்டும் வாரன் தான் குடிப்பதற்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றார். மற்ற இருபத்தொன்றையும் படுக்கைக்குக் கீழே இருந்த லொக்கருக்குள் அடுக்கச் சொல்லி, கதவின் வளையத்தில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்து நசுக்கினார். இந்தச் சுருட்டு படகில் இருக்கிறவரைக்கும் படகின் சாமான், துறைமுக வாசலைத் தாண்டினால் அது இறக்குமதி, அனுமதிப்பத்திரமும் வரியும் இல்லாமல் ஒன்றே ஒன்று தாண்டினாலும் குற்றம் என்று விளக்கினார். முத்திரை கலையாமல் இருக்கும் என்று வாரன் கையெழுத்து வைத்தார். அவருக்குப் பொறுப்பாக முகவர் என்ற இடத்தில் அனுஷியா கையெழுத்து வைத்தார். அலியார் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தார்.

வாரனுக்கு அலியாரை நன்றாகப் பிடித்துப்போயிற்று. பின்னேரங்களில் தண்ணீர் கொண்டுபோனால் உடனே திரும்ப விடமாட்டார். மேல்தட்டில் உட்கார்த்தி வைத்துக் கதைப்பார். ஒன்பது வருடம் வெளிநாட்டுக்காரரோடு பழகிய இங்கிலீஷ் அலியாரிடம் இருந்தது, பெரிய இலக்கணம் இல்லாவிட்டாலும் கதை ஓடும். தன்னுடைய நாட்டில் கியூபா சுருட்டுக்குத் தடை என்று வாரன்தான் சொன்னார். தான் சின்னப் பையனாக இருந்த காலத்திலேயே போட்ட சட்டமாம். நடுவில் சில வருடம் பயணிகள் கொஞ்சம் கொண்டுவரலாம் என்று விட்டார்களாம், பிறகு இரண்டாயிரத்து இருபதில் அதையும் மூடிவிட்டார்களாம். இப்போது சட்டைப் பையில் ஒன்றை வைத்துக்கொண்டு விமானத்தில் போய் இறங்கினாலும் பறித்துவிடுவார்கள். தன்னுடைய தகப்பன் கனடாவிலிருந்து கொண்டுவரும்போது சுருட்டில் சுற்றியிருக்கும் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொண்டுவருவார் என்றும், தானும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் செய்ததாகவும் சொல்லிச் சிரித்தார். அலியாரும் சிரித்தார். ஒரு பெரிய நாட்டின் சட்டம் இந்தக் கிழவனிடம் தோற்றுப்போகிறது என்று நினைத்தபோது அவருக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் வாரன் மகளின் கலியாணத்துக்கு மூன்று கிழமை ஊருக்குப் போனார். படகை நங்கூரத்திலேயே விட்டுப் போவதால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஏறி உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று பார்த்து இறைக்கும்படி அலியாரிடம் கேட்டார். படகுக் கதவுப் பூட்டின் திறப்பு அனுஷியாவிடம் ஒப்படைக்கப்பட்டது, அனுஷியா அதை அலியாரிடம் கொடுத்தார். போகிற அன்று காலையில் வாரன் இரண்டு நீலக் கன்வஸ் பைகளை போட்டில் இறக்கினார். பழைய உடுப்பும் புத்தகங்களும், உப்புவெளியில் ஹோட்டல் நடத்துகிற சினேகிதர் ஒருவருக்கு, தனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது, நீயே ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாயா என்றார். இதென்ன பெரிய வேலை என்றார் அலியார். படகு கட்டும் ஜெட்டியில் இறங்கியதும் வாரன் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தன் சின்னப் பெட்டியோடு முன்னால் நடந்தார். அந்தப் பெட்டியைத் துறைமுக வாசலில் பிரித்துக் கிளறிப் பார்த்தார்கள். பின்னால் இரண்டு தோளிலும் பையோடு வந்த அலியாரிடம் காவலர் ஆனந்தராசா பாரமா நானா என்று மட்டும் கேட்டார். துரையின் புத்தகம் என்று சொல்லிக்கொண்டே அலியார் வெளியே போனார். ஒன்பது வருடத்தில் அவருடைய பையை யாரும் திறந்து பார்த்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து, நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில், வீரசிங்கம் முத்திரைகளைச் சரிபார்க்கப் புறப்பட்டார். ஆளில்லாமல் நிற்கும் படகுகளை இடைக்கிடை இப்படிப் பார்ப்பது வழக்கம். அலியார்தான் ஏற்றிக்கொண்டு போனார். முத்திரை வைத்தது வைத்தபடி இருந்தது. கம்பியும் அப்படியே இருந்தது. வீரசிங்கம் எழுந்து திரும்பப் போனவர், என்ன தோன்றியதோ, குனிந்து மறுபக்கம் கதவைச் சட்டத்தோடு பிடித்திருந்த பிணைச்சலை விரலால் தடவினார். திருகாணித் தலைகளில் புதுக் கீறல் இருந்தது. தன்னிடமிருந்த சிறு கத்தியால் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். கதவு முத்திரையோடேயே ஒரு பக்கமாகத் திறந்துகொண்டது. உள்ளே மடித்த பழைய பாய்ச்சீலை ஒன்று கிடந்தது. ஒரு பெட்டிகூட இல்லை. தேனும் மரமும் கலந்தது போன்ற ஒரு வாசம் மட்டும் வெளியே வந்தது. எங்கேயோ முகர்ந்த வாசம் என்று அலியாருக்குப் பட்டது. எங்கே என்று யோசிக்க அப்போது முடியவில்லை. வீரசிங்கம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் போட்டைச் சுங்கத்தின் ஜெட்டியில் கட்டச் சொன்னார்கள். திறப்பை வாங்கிக்கொண்டார்கள். பாஸையும் வாங்கிக்கொண்டார்கள். அனுஷியாவுக்கு ஆள் போனது. அலியாரை ஒரு அறையில் கதிரையில் இருத்திவிட்டு, மற்ற அறையில் அனுஷியாவிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். கதவு இடைவெளியால் அவருடைய சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. தங்கச்சி வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றுதான் அலியார் நினைத்தார். நானா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். அந்த வார்த்தைக்கு வீரசிங்கத்திடம் மதிப்பு இருந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து அனுஷியா வெளியே வந்து, இந்த அறையைத் திரும்பிப் பாராமலே படியிறங்கிப் போனார்.

பிறகு வீரசிங்கம் வந்து எதிரே உட்கார்ந்தார். சுருட்டை எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அலியார். யாருக்காவது திறப்பைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை. வேறு யாராவது படகில் ஏறினார்களா? தனக்குத் தெரிய ஒருவரும் ஏறவில்லை. அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள், இருபத்தொரு பெட்டியும் எங்கே போனது என்று வீரசிங்கம் கேட்டார். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

“படகின் திறப்பு அலியார் என்பவரிடம் மட்டுமே இருந்தது. அவரைத் தவிர எவரும் படகில் ஏறவில்லை. சென்ற வருடம் ஒரு பிரெஞ்சுப் படகின் டீசல் கேன் காணாமல் போனபோதும் இவர்மீது எனக்குச் சந்தேகம் இருந்தது.”

அலியார் அந்த வரிகளை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். திறப்பு தன்னிடம் இருந்தது உண்மை. வேறு ஒருவரும் ஏறவில்லை என்பதும் தெரிந்தவரையில் உண்மை. ஆனால் அந்த டீசல் கேன் காணாமல் போன மறுநாளே பிரெஞ்சுக்காரனின் படகிலேயே, முன்பக்கத்து அறையில், கயிற்றுக் குவியலுக்குள் கிடந்து அகப்பட்டது. அவன் வெட்கப்பட்டு அனுஷியாவின் அலுவலகத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டான். மூன்று பேருமாக அதைச் சொல்லிச் சிரித்துத் தேநீர் குடித்தார்கள்.

“இத தங்கச்சியா சொன்ன?” என்று கேட்டார்.

“கையெழுத்து அவவின்ரதான்,” என்றார் வீரசிங்கம்.

டவுன் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நோன்பு திறக்கிற நேரம். வீரசிங்கமே எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீரும் கன்டீனிலிருந்து இரண்டு பேரீச்சம்பழமும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அலியார் தண்ணீரை மட்டும் குடித்தார். பிறகு வாக்குமூலத்தின் கீழ் கையெழுத்துப் போட்டார். கூப்பிடுகிறபோது வரவேண்டும், விசாரணை முடியும்வரை போட் இங்கேதான் நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அனுஷியாவுக்குப் போன் எடுத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் தரம் அடிக்கும்போதே துண்டிக்கப்பட்டது. மூன்றாம் தரம் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. கிண்ணியாப் பாலத்தின்மேல் பஸ் போகும்போது அவர் கடலைப் பார்க்கவில்லை, தன் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டில் றம்லா கஞ்சியை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போட் பிடிபட்டதைக் கேட்டு வாயில் கை வைத்தாள். ஆனால் டீசல் கதைக்கு வந்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

“அந்தப் புள்ளையா சொன்னிச்சி?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

மறுநாள் காலை பத்து மணியிருக்கும். அலியார் முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் வேலைநாளில் அப்படி உட்கார்ந்ததில்லை. பக்கத்து வளவில் தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சீவல் பறக்க, காற்றில் மர வாசம் வந்தது. அது வேறு மரம், வேறு வாசம். ஆனால் அது மூக்கில் ஏறியதும் லொக்கரிலிருந்து வந்த வாசத்தை எங்கே முகர்ந்தார் என்பது ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவருடைய இடது தோளில். நீலக் கன்வஸ் பை கழுத்தோடு உரசிக்கொண்டு கிடந்தபோது. துரை உடுப்புக்கு ஏதோ பூச்சிமருந்து போட்டு வைத்திருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தார்.

அவர் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். களவெடுத்தது தான் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் வாசலைத் தாண்டிக் கொண்டுபோனது தன்னுடைய தோள்தான்.

றம்லாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் முதலில் வாரனைத் திட்டினாள். பிறகு யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பைய பத்தி கஸ்டம்ஸ்ல கேட்டாங்களா?”

“இல்ல.”

“அவங்களுக்கே தெரியாத ஒண்ட நீங்களாப் போய்ச் சொன்னா, கொண்டு போனது நான்தான் எண்டு எழுதிக் குடுக்கிற மாதிரித்தானே?”

“ஓம். ஆனா சொல்லாட்டி கள்ளன் எண்டுதான் இருக்கும்,” என்றார் அலியார். “கொண்டு போன எண்டு சொல்லட்டும். அது நடந்தது. களவெடுத்த எண்டு சொல்லக் கூடா.”

அவரை இன்னொன்றும் அரித்தது. பையைத் திறக்காமல் விட்ட ஆனந்தராசாவின் பெயரையும் சொல்லவேண்டி வரும். நம்பி விட்ட மனுஷன். அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மத்தியான லுஹர் தொழுகை முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீரசிங்கம் முழுவதையும் எழுதாமல் ஒரு தரம் கேட்டார். பேனையை எடுப்பதற்கு முன், இது உங்களுக்கே பாதகமான கதை, விளங்கித்தான் சொல்கிறீர்களா என்றார். விளங்குகிறது என்றார் அலியார். வாசலில் யார் நின்றது என்று கேட்டபோது மட்டும் தயங்கினார். அந்தப் பெயரைத் தான் சொல்லத் தேவையில்லை, காவல் முறைப் புத்தகத்தில் இருக்கும் என்று வீரசிங்கமே அதைத் தாண்டிப் போனார்.

அன்று பின்னேரமே உப்புவெளி ஹோட்டலைச் சோதித்தார்கள். பதின்மூன்று பெட்டிகள் மனேஜரின் அலுமாரிக்குள் இருந்தன. மிச்சம் விற்று முடிந்துவிட்டது. யார் கொண்டுவந்தது என்று கேட்க, பெயர் தெரியாத ஒரு போட்காரர் என்றார் மனேஜர். போனைக் காட்டு என்றதும் காட்டினார். வாரனுடைய செய்திகள் வரிசையாக இருந்தன. பிணைச்சலைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுத்தது என்றுகூடப் பெருமையாக எழுதியிருந்தார்.

அடுத்த நாள் வீரசிங்கம் அலியாரைக் கூப்பிட்டு வாரனின் செய்திகளில் ஒன்றைத் தமிழில் சொன்னார். இதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும், உங்கள் பெயரைக் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான் என்றார்.

“என்னுடைய போட்காரன் கொண்டுவருவான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் அவனை ஒருநாளும் சோதிக்கமாட்டார்கள்.”

அலியார் தலையை ஆட்டினார். தப்பிவிட்டோம் என்ற நிம்மதி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மேல்தட்டில் உட்கார்த்தி வைத்துக் கதைத்த அத்தனை பின்னேரங்களிலும் அந்த மனுஷன் தன்னிடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இப்போது விளங்கியது. வாசலில் எத்தனை மணிக்கு யார் நிற்பார்கள், உன்னைச் சோதிப்பார்களா என்று வாரன் ஒருநாள் கேட்டதும், இல்லை, என்னை எல்லாருக்கும் தெரியும் என்று தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது.

வாரன் பங்குனி நடுவில் திரும்பி வந்தார். படகு பெறுமதியானது, வராமல் விடமுடியாது. சுங்கக் கந்தோரில் அவருக்கு மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டார்கள். செய்ததை ஒப்புக்கொண்டு, விதித்த தண்டப்பணத்தை வங்கி அட்டையில் கட்டினார். ஒரு காலைப் பொழுதில் எல்லாம் முடிந்துவிட்டது. பைகளைக் காட்டாமல் கொண்டுபோனதற்காக அலியாருக்கு எச்சரிக்கை. போட்டும் பாஸும் பெருநாளுக்குப் பிறகு கிடைக்கும். அதற்குக் கையெழுத்து வைக்க அவர் வெளி விறாந்தையில் நின்றபோது வாரன் வந்தார். அதே சிரிப்பு. கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

தொந்தரவுக்கு வருத்தம், முட்டாள் சட்டம், உலகம் முழுக்க இந்தச் சுருட்டோடு மல்லுக்கட்டியே தனக்கு வயது போய்விட்டது என்றார். உனக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளே சொல்லிவிட்டேன் என்றும் சொன்னார்.

அலியார் தன் கையை நீட்டவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லியிருந்தால் நீ கொண்டுபோயிருக்கமாட்டாய்,” என்றார் வாரன். ஒளிக்காமல்தான் சொன்னார்.

“ஓம்,” என்றார் அலியார், தமிழிலேயே. “கொண்டுபோயிருக்க மாட்டன்.”

வாரனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. நீட்டிய கையை இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டு, டொலர் நோட்டுகளை எடுத்து அலியாரின் கையில் திணிக்கப் பார்த்தார். அலியார் அவற்றை விறாந்தையில் உட்காரப் போட்டிருந்த வாங்கில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்து வைத்தார். வெளியே வரும்போது நோட்டும் இல்லை, வாரனும் இல்லை. மூன்றாம் நாள் படகு சீஷெல்ஸ் பக்கம் புறப்பட்டுவிட்டது. ஆனந்தராசாவைக் கொழும்புத் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். அலியார் அவனுக்குப் போன் எடுத்தார், அவனும் எடுக்கவில்லை. அதில் அவர் குறை காணவில்லை.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் அனுஷியா கிண்ணியாவுக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, தெருமுனையில் இறங்கி வெயிலில் நடந்து வந்தார். கையில் பிஸ்கட் பெட்டி ஒன்று. இந்தப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு வட்டிலப்பம் போகவில்லை. றம்லா கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். தேத்தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை.

அனுஷியா உட்கார்ந்தவுடனேயே அழத் தொடங்கிவிட்டார். முகவர் லைசென்ஸ் போய்விடும் என்று அன்றைக்கு ஒரு அதிகாரி வெருட்டினாராம். பொறுப்புக்குக் கையெழுத்து வைத்தது தான்தானே, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று பயந்துவிட்டாராம். திறப்பு உங்களிடம் இருந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார்.

“திறப்பு என்னட்டத்தான் இருந்தது,” என்றார் அலியார். “அதச் சொன்னது பிழையில்ல, மிஸ்.”

மிஸ் என்ற சொல்லைக் கேட்டு அனுஷியா நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை.

“டீசல் கதைய ஏன் சொன்னீங்க?” என்று அலியார் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. “அந்தக் கேன் கிடைச்சது உங்களுக்குத் தெரியும். நீங்கதான் எனக்கே சொன்ன.”

அனுஷியா கைக்குட்டையை மடித்து மடித்து விரித்தார்.

“கஸ்டம்ஸ் ஆக்கள் என்னை நம்பவேணும் எண்டு நினைச்சனான், நானா,” என்றார் கடைசியில். “ஒரு காரணமும் இல்லாமல் உங்களைச் சொன்னால் நம்பமாட்டினம். உங்களை எல்லாருக்கும் தெரியும்.”

றம்லா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அனுஷியா ஒரு வாய் குடித்தார். சித்திரையில் இரண்டு படகு வருகிறது, போட்டை எடுத்ததும் வாருங்கள், வேறு ஆளை நான் பிடிக்கவில்லை என்றார். அலியார் தான் வரப்போவதில்லை என்று சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, முன்பே யோசித்து முடிவெடுத்து வைத்திருந்தார். ஒன்று மட்டும் செய்யும்படி கேட்டார். சுங்கத்துக்குப் போய், அந்தக் கேன் காணாமல் போகவில்லை, படகிலேயே கிடைத்தது என்று எழுத்தில் கொடுத்துவிடவேண்டும். பிரெஞ்சுக்காரனின் மன்னிப்புக் கடிதம்கூட அலுவலகக் கோவையில் இருக்கிறது.

“நாளைக்கே போறன், நானா,” என்றார் அனுஷியா. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். பிஸ்கட் பெட்டி கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. றம்லா அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அலியார் அதன் பிறகு மச்சானோடு சேர்ந்து கொட்டியாரக் குடாவில் வலை போட்டார். ஐந்து கிழமை ஆளில்லாமல் கிடந்த எஞ்சின் முதலில் வேலை செய்ய மறுத்தது, கழற்றிப் பூட்டிச் சரிசெய்தார்கள். மீன் சில நாள் வரும், சில நாள் வராது. துறைமுகத்துக்குள் போகவேண்டிய தேவை இனி இல்லைதான். ஆனால் பாஸ் வருடக் கடைசியில் முடிகிறது, ஒன்பது வருடம் வைத்திருந்ததை விட்டுவிட மனம் வரவில்லை. கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போனார்.

கந்தோரில் இருந்தவர் புதியவர், இளம் ஆள். மரியாதையாக உட்காரச் சொன்னார். கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுருட்டு விஷயத்தில் நீங்கள் அறியாமல் செய்தது என்று வீரசிங்கம் சேர் தெளிவாக எழுதியிருக்கிறார், அதில் பிரச்சினையில்லை என்றார். அடுத்த தாளில் விரலை வைத்தார்.

“இந்த டீசல் களவு என்ன மாதிரி?”

“அப்படி ஒரு களவு நடக்கல்ல சேர். கேன் படகுலேயே கிடைச்சது.”

“இதில சந்தேகம் எண்டு இருக்கு. முகவரே சொல்லியிருக்கிறா.”

“பிறகு ஒரு கடிதம் குடுத்திருப்பாவே,” என்றார் அலியார். “சித்திரை மாதம். பாருங்க.”

அவர் பார்த்தார். பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலும் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். மற்ற மேசையில் இருந்தவரிடமும் கேட்டார். அப்படி ஒன்று வரவில்லை. ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குத் தரலாம், அந்த முகவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால் முழு வருடத்துக்கும் மாற்றித் தருகிறேன், ஒரு போன் எடுத்தால் முடிகிற வேலைதானே என்றார்.

அலியார் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே விறாந்தையில் நின்று போனை எடுத்து அனுஷியாவின் பெயர்வரைக்கும் போனார். “தங்கச்சி” என்றுதான் அதில் இன்னமும் இருந்தது. அந்தக் கடிதத்தை இனி அனுஷியா எழுதிக் கொடுத்தாலும் அது தானாகக் கொடுத்ததாகாது, கேட்டு வாங்கிய கடிதமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். பின்னேரம் வலை இழுக்க மச்சான் காத்திருப்பான்.